ஆளு கேட்ட அக்கா

செய்தி வந்தது 'தொட்டம்' என்ற வாட்ஸப் குழுவில். தோட்டம் என்றுதான் இருக்க வேண்டும். என் மகள் நிவேதா ஆங்கில எழுத்தில் தட்டியதை அவள் போன் அப்படித் தமிழாக்கிவிட்டது, யாரும் திருத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை யார் மண்வெட்டி கொண்டுவருவது, யார் டீ போடுவது என்று பேசிக்கொள்வதற்காக மூன்று வருஷத்துக்கு முன்னால் தொடங்கிய குழு அது. அப்புறம் அதில் பேச்சே நின்றுபோனது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் சமையலறையில் மேத்திக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. சந்துரு ஒரே வரி எழுதியிருந்தான், ஆங்கிலத்தில். அம்மா பன்னிரண்டரைக்குப் போய்விட்டாள், மாரடைப்பு, ஹடப்சருக்கு வாருங்கள் என்று. அதற்கு மேலே, அந்தக் குழுவில் அதற்கு முன் கடைசியாக வந்த செய்தி இருந்தது. 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி. அதை யார் நீக்கினார்கள், ஏன் நீக்கினார்கள் என்பதைப் புனேயில் இருக்கிற நம் தமிழ் ஆட்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போனது என் ஓரகத்தி சரோஜா. என் வீட்டுக்காரர் ரகுவின் அண்ணன் மனைவி, சந்துருவின் அம்மா. சாங்வியில் பழைய ஆட்களுக்கு சரோஜா அக்கா. 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை, எனக்குக் கை வரவில்லை. இருபத்தாறு வருஷம் முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் அவள். அப்படியே எழுதிவிடுகிறேன்.

பதினாறாம் நாள் சாப்பாட்டில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். தங்கமான குணம், யாரையும் ஒரு சொல் சொல்லமாட்டாள், மனசில் எதையும் வைத்துக்கொள்ளமாட்டாள். இலையில் பாயசத்தை வைத்துக்கொண்டு இப்படியா பொய் சொல்வது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அக்காவுக்கு நாக்கு நீளம். கல்யாணமாகி வந்த புதிதில் நான் வைத்த சாம்பாரைக் கரண்டியில் எடுத்துப் பார்த்துவிட்டு, "புனேயில தண்ணிக்குப் பஞ்சமே இல்ல பாத்துக்க" என்று மாமியாரிடம் சொன்னவள் அவள். காய்கறி வண்டிக்காரன் அவள் தெருமுனையில் வருவதைப் பார்த்தாலே நல்ல கத்தரிக்காயை மேலே எடுத்து வைப்பான். மனசில் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டாள், என்றைக்கு, எந்தக் கிழமை என்பதோடு. என்னோடு சண்டை போட்ட நாட்களைவிடச் சண்டை போடாத நாட்களை எண்ணுவது சுலபம். ஆனாலும் எனக்குக் காய்ச்சல் என்றால் கேட்காமலே கஞ்சி வரும். கூடவே இரண்டு வசவும் வரும்.

எங்கள் மாமனார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ராணுவப் பணிமனை ஒன்றில் வேலை பார்த்தவர். சாங்வியில் வயலும் வரப்புமாக இருந்த காலத்தில், பிற்பாடு அக்கா குடியிருந்த வீட்டை ஒட்டி, ஒன்றரை குண்டா நிலம் வாங்கிப் போட்டிருந்தார். ஒரு வீடு தாராளமாகக் கட்டலாம், அவ்வளவுதான் இடம். அவர் அதில் வெண்டையும் அவரையும் போட்டார். அவர் போனதும் மண்வெட்டியும் மூலைக்குப் போனது. பெரியவர், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், ஞாயிற்றுக்கிழமை பேப்பர் படிக்கிறவர். அவரும் போய்ச் சேர்ந்தபோது அந்த இடத்தில் உண்ணிச்செடியும் ஆமணக்கும் பார்த்தீனியமும் ஆள் உயரத்துக்கு நின்றன. சுற்றியிருந்த கட்டடக்காரர்கள் உடைந்த ஓடுகளையும் பழைய கமோடையும் அதற்குள் வீசினார்கள். எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

விற்றுவிடலாம் என்ற பேச்சை எடுத்தது ரகுவும் சந்துருவும். சந்துருவுக்கு ஹடப்சரில் ஆபீஸ், வாடகை வீடு, சொந்த ஃபிளாட் ஆசை. எங்களுக்கும் ஆசைதான். ஒளித்து என்ன ஆகப்போகிறது, எனக்கு லிஃப்ட் உள்ள வீடு வேண்டியிருந்தது. பத்திரத்தில் அக்கா கையெழுத்தும் வேண்டும். அவள் மாட்டேன் என்றாள். சும்மா கெடக்குன்னுதான விக்கச் சொல்லுதிய, அத சும்மா கெடக்காம நான் பாத்துக்கிடுதேன், ஒரே ஒரு மழைக்காலம் குடுங்க, வெளஞ்சா விக்கக் கூடாது என்று கேட்டாள். அவளுக்கு அப்போது ஐம்பத்தெட்டு. வீட்டுக்காரர் இல்லை, மகன் வாரத்துக்கு ஒருமுறை வருவான், காலையில் எழுந்தால் போய் நிற்க ஓர் இடம் வேண்டும் என்று அவள் எங்கேயும் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்தது. ரகு உடனே சரி என்றுவிட்டார். அவ்வளவு சீக்கிரம் அவர் எதற்கும் சரி என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

காடாகக் கிடக்கிற இடத்தைத் தனியாக வெட்ட முடியாது. கூலிக்கு இரண்டு ஆள் பிடிக்கலாம் என்று அக்கா பக்கத்துச் சந்தில் எருமை வைத்திருந்த மராத்திக் கிழவி சுனந்தா மாவுஷியிடம் போனாள். முப்பது வருஷம் இந்த ஊரில் இருந்தவளுக்கு மராத்தி வராமல் இல்லை. ஆனால் நம் வீடுகளில் பேசுகிற பேச்சு உங்களுக்குத் தெரியாததா, பாதி வாக்கியத்தில் தமிழ் வந்து உட்கார்ந்துகொள்ளும். தோட்டத்துக்கு ஆளு வேண்டும் என்பதை மராத்தியில் தொடங்கி, "பாகேத் ஆளு பாஹிஜே" என்று முடித்திருக்கிறாள். மராத்தியில் அளூ என்றால் சேப்பங்கிழங்குச் செடி, அந்த இலையில்தான் வடை மாதிரி ஒன்று சுருட்டிப் பொரிப்பார்கள். தோட்டத்தில் அளூதானே வேண்டும் என்று மாவுஷி கேட்க, ஆமாம், நாளைக் காலையிலேயே வேண்டும் என்று அக்கா சொல்ல, மறுநாள் ஏழு மணிக்கு மாவுஷி ஒரு கோணிப்பை நிறைய முளைவிட்ட கிழங்கோடு வந்து நின்றாள். அக்கா பையைப் பார்த்தாள், மாவுஷியின் பின்னால் யாராவது வருகிறார்களா என்று தெருவைப் பார்த்தாள், மறுபடியும் பையைப் பார்த்தாள். நான் சிரித்துச் சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டேன். "ஆளு கேட்டேன், கெழங்கு குடுத்துட்டாவ" என்று அக்கா அன்றைக்கு முழுக்கத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கிழங்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை, ஈரம் நிற்கிற ஓரமாகப் புதைத்து வைத்தாள்.

எதற்கு அண்ணி கூலி ஆள், நாங்களெல்லாம் இல்லையா என்றார் ரகு. அன்றைக்குத்தான் நிவேதா 'தொட்டம்' குழுவைத் தொடங்கினாள். ஆறு ஞாயிற்றுக்கிழமை. கராடியிலிருந்து நிவேதா, ஹடப்சரிலிருந்து சந்துரு, நாங்கள் இரண்டு பேர், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அக்கா. காசு செலவு பண்ணக் கூடாது என்பது அவள் சட்டம். இரவல் அரிவாள், மாமனாரின் துருப்பிடித்த மண்வெட்டி. பெரியவர் படுத்திருந்த இரும்புக் கட்டிலை நிமிர்த்தி வைத்துப் புடலைக்குப் பந்தலாக்கினாள். அவருடைய வேட்டிகளைக் கிழித்துத்தான் தக்காளிச் செடிகளைக் கட்டினாள். வேட்டியைக் கிழிக்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "அவரு ஒரு நாளும் இந்த மண்ணுல இறங்கல, இப்பவாவது நிக்கட்டும்" என்றாள். விதை எல்லாம் அஞ்சறைப் பெட்டியிலிருந்தும் காய்கறி வண்டியில் ஒதுக்கிய பழத்திலிருந்தும் வந்தது. எரு மாவுஷியின் தொழுவத்திலிருந்து, தண்ணீர் துணி அலசியதிலிருந்து.

பார்த்தீனியம் பிடுங்கிப் பிடுங்கி அவள் முழங்கை வரை தடித்துச் சிவந்துபோனது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் வந்தாள். கையுறை போட்டுக்கொள் பெரியம்மா என்று நிவேதா தன் திக்கித் திணறும் தமிழில் சொன்னதற்கு, நீ பேசிய தமிழே போதும், அரிப்பு போய்விட்டது என்றாள் அக்கா.

இப்போது அசிங்கமான பாகத்துக்கு வருகிறேன். நிவேதாவுக்கு இது தெரியாது, அவளை விட்டுவிடுங்கள். முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே ரகுவும் சந்துருவும் நானும் மட்டும் இருக்கிற இன்னொரு குழு இருந்தது. அதன் பெயர் 'பிளாட்', மனை என்ற அர்த்தத்தில். நிலத் தரகர் ரகுவிடம் சொல்லியிருந்தார், இந்தக் காட்டைப் பார்த்தால் எவனும் விலை சொல்லமாட்டான், எல்லைக்கல் தெரிய வேண்டும், முதலில் சுத்தம் பண்ணுங்கள், அப்புறம் பேசுவோம் என்று. ஜேசிபி வைத்தால் பெரிய செலவு. அண்ணியே சுத்தம் பண்ண நிற்கிறார்கள், நாமும் கூடப் போய் நின்றால் செலவில்லாமல் வேலை முடியும் என்று ரகு சொன்னபோது நான் இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. விளைந்தால் விற்கமாட்டோம் என்று சொன்னீர்களே என்றுகூடக் கேட்கவில்லை. எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டேன்.

நான்காவது ஞாயிற்றுக்கிழமை ரகுவின் மண்வெட்டி ஏதோ ஒன்றில் 'ணங்' என்று இடித்தது. தோண்டிப் பார்த்தால் எல்லைக்கல். சின்னப் பையன் மாதிரி கையைத் தூக்கிக் கத்தினார். கல்லைத் துடைத்து நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். அக்கா உள்ளே போய் அவருக்கு மட்டும் ஏலக்காய் தட்டிப் போட்டு இன்னொரு டீ கொண்டுவந்தாள். "தம்பிக்கு இப்பத்தான்ட்டி தோட்டத்து மேல பிரியம் வருது" என்று என்னிடம் சொன்னாள். அந்த டீயை அவர் குடித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் போட்டோக்கள் அன்றைக்கே 'பிளாட்' குழுவுக்கு வந்துவிட்டன.

மழை அந்த வருஷம் நன்றாகப் பெய்தது. ஆவணி வாக்கில் அந்த இடத்தைப் பார்த்தால் கண்ணை நம்ப முடியாது. புடலை கட்டிலைத் தாண்டித் தொங்கியது. அவரை, வெண்டை, பச்சை மிளகாய், கொத்தமல்லி எல்லாம் வந்தது. கேட்காமல் வந்த கிழங்கு யானைக்காது மாதிரி இலை விரித்து நின்றது. அந்த இலையையும் விடாமல் புளி ஊற்றிக் கடைந்தாள். எனக்குத் தொண்டை அரித்தது, சொன்னேன். அரிக்கிறது இலை இல்லை, உன் வாய் என்றாள். தெருவில் இருந்த மராத்திக்காரர்கள், பீகார்க்காரர்கள், நம்மவர்கள் என்று வீடு வீடாகப் பை போட்டுக் கொடுத்தனுப்பினாள். இதை வாசிக்கிற நீங்களும் அந்த அவரைக்காயைத் தின்றிருப்பீர்கள். வெளஞ்சிட்டு, பாத்தியளா என்று ரகுவிடம் ஒரு தடவை கேட்டாள். அவர் ஆமாம் அண்ணி, பிரமாதம் என்றார்.

புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை காலையில் ரகு ஆபீஸ் பஸ்ஸில் இருந்தபடி குரல் செய்தி ஒன்று அனுப்பினார். எனக்குத்தான். "தர்ஸ்டே பார்ட்டி பாக்க வராங்க. அண்ணிய அன்னைக்கு எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிடு. அவங்க வாசல்ல நின்னா ஏதாச்சும் பேசிக் கெடுத்துருவாங்க." அவசரத்தில் 'பிளாட்' குழுவில் போடுவதற்குப் பதிலாகத் 'தொட்டம்' குழுவில் போட்டுவிட்டார். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, பதறிப்போய் நீக்கிவிட்டு எனக்குப் போன் பண்ணினார். நான் ஓடிப்போய் அக்காவைப் பார்த்தேன். அவள் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், போன் ஜன்னல் திட்டில் கிடந்தது. என்னட்டி மூச்சு வாங்குது என்றாள். ஒன்றுமில்லை, கறிவேப்பிலை இருக்கிறதா என்று பார்க்க வந்தேன் என்றேன். பிழைத்தோம் என்று ரகுவிடம் சொன்னேன். அந்தச் சொல்லையே சொன்னேன்.

வியாழக்கிழமை அவளை முருகன் கோவிலுக்குக் கூப்பிட்டேன். மறுத்துவிடுவாள், வேலை இருக்கிறது என்பாள், என்ன பொய் சொல்வது என்று ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. சந்துரு கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு தயாராக இருந்தாள். வியாழக்கிழமை கோவிலுக்குப் பட்டுச்சேலையா என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கோவிலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். நான் கிளம்பலாமா என்று கேட்ட போதெல்லாம், இரேன்ட்டி, இன்னுங்கொஞ்சம் இருப்போம் என்றாள். ரகு நீக்குவதற்குள் அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு அவளாகவே எனக்கு நேரம் கொடுத்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

திரும்பி வந்து ஆட்டோவிலிருந்து இறங்கியதும் அவள் நேராகத் தோட்டத்துக்குப் போனாள். பாத்தியெல்லாம் பூட்ஸ் தடம். வெண்டைச் செடி இரண்டு மிதிபட்டுக் கிடந்தது. எல்லைக்கல்லின் மேல் யாரோ புதிதாகச் சுண்ணாம்பு தடவியிருந்தார்கள். பட்டுச்சேலையோடு குனிந்து ஒரு செடியை நிமிர்த்திப் பார்த்தாள், அது நிற்கவில்லை.

"பாத்துட்டுப் போயிட்டாவளா?" என்று கேட்டாள்.

நான் குனிந்து மற்றச் செடியைத் தூக்கிப் பிடித்தேன்.

"ஒரு தடவ ஆளு கேட்டேன், கெழங்கு வந்துச்சு. அது தெரியாம வந்தது, அந்தக் கெழவி மேல ஒரு குத்தமும் இல்ல. பொறவு நீங்க வந்திய. ஆறு வாரம். இவ்வளவு ஆளு நமக்கு இருக்காவளேன்னு சந்தோஷப்பட்டேன்ட்டி. நீங்களும் கெழங்குதான்."

கத்தவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. நாக்கு நீளமான அந்த மனுஷி அதற்கு மேல் ஒரு சொல் சொல்லாமல் வீட்டுக்குள் போய்ச் சேலையை மாற்றிக்கொண்டாள். திட்டியிருந்தால் இன்றைக்கு நான் இதை எழுத வேண்டியிருக்காது.

அடுத்த வாரம் சந்துரு வந்து பேசினான். அம்மா, நீ கீரை போடுவதற்காக நான் காலம் முழுக்க வாடகை வீட்டில் இருக்கணுமா என்று கேட்டான். அக்கா பேப்பரை வாங்கினாள், எங்கே என்று கேட்டாள், கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கே தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினாள். காய் நிறையப் பிடித்திருந்த நேரம். அறுத்துக்கொள்ளலாமே அக்கா என்றேன். வாங்கினவன் அறுத்துக்கிடுவான் என்றாள். தீபாவளிக்கு முன்னால் புடலைக்கொடி கட்டிலிலேயே காய்ந்து தொங்கியது. அப்புறம் ஹடப்சரில் பன்னிரண்டாவது மாடிக்குப் போனாள். எங்களுக்கும் நாலாவது மாடியில் வீடு வந்தது. லிஃப்ட் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் ஓடும்.

அதற்குப் பிறகு அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. போனில் "என்னட்டி கெழங்கு, எப்படி இருக்க" என்பாள். கல்யாண வீட்டில், வளைகாப்பில், நாலு பேர் நடுவில், கெழங்கு இங்கன வா என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். ஓரகத்திகளுக்குள் என்ன ஒட்டுதல் பாருங்கள் என்று நீங்களே சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். நானும் சிரித்து வைத்தேன். அதன் அர்த்தம் எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். மன்னித்துவிடு என்று கேட்க ஹடப்சருக்கு இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் காபி குடித்துவிட்டுச் சீரியலைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். மனசில் எதையும் வைத்துக்கொள்ளமாட்டாள் என்று இனி யாரும் சொல்லாதீர்கள். அவள் வைத்துக்கொண்டாள். அதற்கு அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு. நாங்கள் நல்லபடியாகக் கேட்டிருந்தால்கூட அவள் ஒருவேளை கையெழுத்துப் போட்டிருப்பாள், மகன் என்றால் அவளுக்கு அப்படி. நம்ப வைத்து அவள் கையாலேயே அந்த இடத்தை விலைக்குத் தயார் பண்ண வைத்தோமே, அதற்குத்தான் எனக்கு மன்னிப்பு கிடையாது.

பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்து எல்லோரும் போன பிறகு சந்துரு வீட்டுப் பால்கனியில் துணி எடுக்கப் போனேன். வாஷிங் மெஷின் தண்ணீர் விழுகிற குழாய்க்குக் கீழே ஒரு பழைய பெயிண்ட் வாளி இருந்தது. அதில் அந்தச் செடி, யானைக்காது மாதிரி நாலு இலை. சாங்வியிலிருந்து புடலை விதை எடுக்கவில்லை, மிளகாய் விதை எடுக்கவில்லை, மாவுஷி தெரியாமல் கொடுத்த கிழங்கை மட்டும் ஒன்று எடுத்துவந்திருக்கிறாள். அது என்ன சித்தி, எப்பவும் அதுக்குத்தான் தண்ணி ஊத்திக்கிட்டிருப்பாங்க, வேணும்னா எடுத்துக்கங்க என்றான் சந்துரு. எடுத்துக்கொண்டேன். வாளி கனமாக இருந்தது. கீழே வரைக்கும் தூக்கிக்கொண்டு வர ஆளு அனுப்பட்டுமா என்று கேட்டான்.

வேண்டாம் என்றேன்.

அக்காவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்த வாளியும், அவள் வைத்த பெயரும்தான். இரண்டும் எனக்குப் பொருத்தமானவை, இரண்டையும் நான் யாருக்கும் கொடுக்கப்போவதில்லை. ரகு ஆட்டோ பிடிக்கலாம் என்றார். நீங்கள் போங்கள் என்று அனுப்பிவிட்டு பஸ்ஸில் ஏறி வாளியை மடியில் வைத்துக்கொண்டேன். இலை நாலும் என் முகத்தில் உரசின. கண்டக்டர் வந்து, வாளியில் என்ன தாயி என்று மராத்தியில் கேட்டான்.

"ஆளு" என்றேன்.

அவன் தலையை ஆட்டிவிட்டு ஒரு டிக்கெட் மட்டும் கொடுத்தான்.